எத்தனை மடங்கு என்று கேட்காதீர்!



உப்பலில் நம்மவர் குடியிருக்கும் அறைகளுக்குச் சென்று பாருங்கள். கட்டிலுக்கு அடியில் ஒரு சால்டரிங் அயர்ன், ஜன்னலோரம் ஈயக்கம்பிச் சுருள், பாதியில் நிற்கும் புராஜெக்ட் பலகை ஒன்று. 1967இல் தொடங்கப்பெற்ற ஈ.சி.ஐ.எல். தொழிற்சாலை பக்கத்திலேயே செர்லபள்ளியில் இருக்க, இங்கு மின்னணு வேலையில் மனம் செல்வது வியப்பன்று.

வியப்பு வேறொன்றில். நுண்வேலைக்குப் பூதக்கண்ணாடி வாங்கப் போகும் தோழர் அனைவரும் கடையில் கேட்பது ஒரே கேள்விதான்: “எத்தனை மடங்கு பெருக்கும்?” கேட்க வேண்டியது அதுவன்று, “எவ்வளவு தொலைவில் வைத்துப் பார்க்க வேண்டும்?” என்பதே என் கட்சி.

நானும் கேட்டேன்; கெட்டேன். கோட்டிக் கடைத்தெருவில் பத்து மடங்குக் கண்ணாடி ஒன்றை மெஸ் பணத்தில் கைவைத்து வாங்கி வந்தேன். அறைக்கு வந்து மாட்டினால், பலகை மூக்கில் இடித்தால்தான் தெளிவு தெரிகிறது! அயர்னை நுழைக்க இடம் ஏது? புருவம் கருகியதுதான் மிச்சம். விற்றவர் பொய் சொல்லவில்லை. பள்ளியில் படித்த கணக்கை நான்தான் மறந்தேன். 25 சென்டிமீட்டரைக் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவது பெருக்கம். பத்து மடங்கு என்றால் குவியத் தூரம் இரண்டரை சென்டிமீட்டர். வைரம் பார்ப்பவருக்கு அது போதும், வைரம் சுடாது. 350 டிகிரிச் சூட்டில் இருக்கும் அயர்ன் முனை சுடாமல் விடுமா?

தலையில் பட்டையாக மாட்டும் கண்ணாடிகளில் 1.75 மடங்குக்கு ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் தொலைவு கிடைக்கும். 2 மடங்குக்கு 25; 2.5க்கு 20, 3.5க்கோ பத்தே சென்டிமீட்டர். பெருக்கம் ஏற ஏற முகம் பலகைக்கு இறங்குகிறது. பார்வைப் பரப்பும் சுருங்குகிறது. தலை இம்மி அசைந்தாலும் உருவம் மங்குகிறது.

இதில் விளையாட்டில்லாத செய்தி ஒன்று உண்டு. ஈயக்கம்பியின் உள்ளே இருக்கும் ரோசின் உருகிப் புகைகிறதே, அந்தப் புகை தொழிலாளருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த ஒன்று. பத்து சென்டிமீட்டரில் குனிந்திருப்பவன் அதை முகர்வதில்லை, குடிக்கிறான்! சன்னலைச் சாத்திக்கொண்டு இரவெல்லாம் இருமும் தோழரை நம் அறைகளில் நீங்களும் கண்டிருப்பீர்கள். ஒரு சிறு விசிறி வைத்துப் புகையைப் பக்கவாட்டில் இழுத்துவிட எத்தனை பேர் நினைக்கிறோம்?

ஆகவே 2 மடங்குக்கு மேல் போகாதீர். 1.6க்கு 0.8 மில்லிமீட்டர் அளவுள்ள ரெசிஸ்டருக்கு அது தாராளம். மிச்சக் காசில் நல்ல விளக்கு வாங்குங்கள். வெளிச்சக் குறைவைப் பெருக்கத்தால் ஈடுகட்ட நினைப்பதே பாதித் தவற்றுக்குக் காரணம். கிட்டப்பார்வைத் தோழருக்கு இரகசியம் ஒன்று: மைனஸ் 4 அணிபவர் தம் கண்ணாடியைக் கழற்றினாலே 25 சென்டிமீட்டரில் தெளிவாகப் பார்க்கலாம். குறை என்று நொந்தது இங்கே கொடை! ஆனால் ஈயம் தெறிக்கும். வெறுங்கண்ணோடு வேலை செய்யாதீர்.

பல் மருத்துவர் அணியும் கண்ணாடி வேறு இனம். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு குட்டித் தொலைநோக்கி அது. பெருக்கமும் தரும், 40 சென்டிமீட்டர் தொலைவும் தரும். விலை நம் உதவித்தொகைக்கு எட்டாது. அரை மில்லிமீட்டர் இடைவெளியில் கால்கள் நிற்கும் ஐ.சி.யைப் பற்றவைக்க ஸ்டீரியோ நுண்ணோக்கிதான் வேண்டும். அதன் வில்லைக்கும் பலகைக்கும் நடுவே கை நுழைய இடம் உண்டு. முகமோ மேலே கண்வில்லையில், புகைக்கு எட்டி இருக்கும். அதைத் தனியாள் ஏன் வாங்க வேண்டும்? ஆளுக்கொரு கண்ணாடி வாங்கி ஏமாறும் நாம், ஒன்றுகூடி ஆய்வுக்கூடத்திற்குப் பொதுவாக ஒரு நுண்ணோக்கி கேட்டால் என்ன? மனு எழுத நான் ஆயத்தம். கையெழுத்துக்கு நீங்கள் ஆயத்தமா?

அடுத்த சங்கக் கூட்டத்திற்கு என் பத்து மடங்குக் கண்ணாடியைக் கொண்டு வருகிறேன். தபால்தலை சேர்ப்பவர் யாரேனும் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம்.