மாட்டுத் தொழுவமும் மூச்சுக்குழாயும்

எழுபது வயதைக் கடந்த வாசக அன்பர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய ஐந்து வயதுப் பேரனுக்கு ஆஸ்துமா. காலையும் மாலையும் இன்ஹேலர் கொடுத்து வருகிறார்கள். “மண்ணில் புரண்டு, மாட்டோடு பழகி வளரும் பிள்ளைகளுக்கு இந்த நோய் வருவதில்லையாமே? கோடை விடுமுறைக்குப் பிள்ளையைக் கிராமத்துக்கு அழைத்துப் போய், மருந்தை நிறுத்திப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். மருமகள் சம்மதிக்கவில்லை. தாங்கள் இரண்டு வார்த்தை எழுதினால் கேட்பாள்” என்பது அந்தப் பாட்டியாரின் வேண்டுகோள்.

அவர் கேள்விப்பட்டது பொய்யன்று. அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவுதான் ஆபத்தானது.

நமது குடலிலும் தோலிலும் வாயிலும் மூக்கிலும் கோடானுகோடி நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. நுரையீரலில் மட்டும் எதுவும் இல்லை என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பி வந்தது. அதுவும் தவறென்று பின்னர் தெரிந்தது. ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டம், நலமாக இருப்பவர்களின் கூட்டத்தைப் போன்றதல்ல என்பதை 2010-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினர்.

பாட்டியார் சொல்லும் மாட்டுக் கதைக்கு வலுவான ஆதாரம் அமெரிக்காவிலிருந்து கிடைத்தது. அங்கே ஆமிஷ், ஹட்டரைட் என்று இரு கிறிஸ்தவச் சமூகத்தார் இருக்கின்றனர். இருவரின் மூதாதையரும் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியிலிருந்து வந்தவர்கள். மரபணுவில் நெருங்கியவர்கள். பெரிய குடும்பங்கள், நெடுநாள் தாய்ப்பால், உழவுத் தொழில், புகையிலைப் புகை படாத வீடு ஆகிய யாவும் இரு சாராருக்கும் பொது. ஆயினும் ஆமிஷ் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 5 பேருக்கே ஆஸ்துமா. ஹட்டரைட் பிள்ளைகளில் நூற்றுக்கு 21 பேருக்கு!

காரணம் உழவு முறையில் இருந்தது. ஆமிஷ் மக்கள் குடும்பத்துக்கு ஒன்றாகச் சிறிய பால் பண்ணை வைத்து, குதிரை பூட்டி உழுகின்றனர். ஹட்டரைட் மக்களோ எந்திரங்கள் நிறைந்த பெரிய பொதுப் பண்ணைகளில் வேலை செய்கின்றனர். இரு தரப்பு வீடுகளிலிருந்தும் தூசியைச் சேகரித்துச் சோதித்தபோது, பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் எண்டோடாக்சின் என்னும் பொருள் ஆமிஷ் வீட்டுத் தூசியில் ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுந்திருந்தது. அந்தத் தூசியை எலிகளின் மூக்கில் இட்டனர். ஆமிஷ் தூசி பெற்ற எலிகளுக்கு ஆஸ்துமா போன்ற அழற்சி வெகுவாக அடங்கியது. ஹட்டரைட் தூசிக்கு அந்தப் பலன் இல்லை. 2016-இல் வெளியான ஆய்வு இது.

‘பசுவின் பெருமையைப் பார்த்தீர்களா!’ என்று உடனே சொல்லத் தோன்றும். சற்றுப் பொறுக்க வேண்டும். ஹட்டரைட் மக்களும் கால்நடை வளர்ப்பவர்களே. வேறுபாடு, பிள்ளைகள் சிறு வயது முதல் தொழுவத்தோடு எவ்வளவு நெருங்கி வளர்ந்தார்கள் என்பதில் இருக்கிறது. பசுவை வணங்குவதற்கு ஆய்வுக்கூடச் சான்று நமக்குத் தேவையும் இல்லை.

‘சிறு வயது முதல்’ என்ற சொற்களைக் கவனியுங்கள். 2015-இல் கனடாவில் 319 குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தனர். பின்னாளில் ஆஸ்துமா வரும் வாய்ப்பு மிகுந்த குழந்தைகளுக்கு, பிறந்த மூன்றாம் மாதத்தில் நான்கு வகை பாக்டீரியாக்கள் குறைந்திருந்தன. ஒரு வயதில் பார்த்தபோது அந்த வேறுபாடு பெரும்பாலும் மறைந்திருந்தது! உடலின் எதிர்ப்பாற்றல், எதைப் பகையென்று கொள்வது, எதைப் பொறுத்துக்கொள்வது என்று பாடம் கற்கும் பருவம் அத்தனை குறுகியது போலும். அதே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில், கைக்குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுப்பது குறைந்த ஆண்டுகளில் சிறுவர்களின் ஆஸ்துமாவும் குறைந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு சளிக்கும் மருந்துக் கடையில் தாமாகவே ஆன்டிபயாடிக் கேட்டு வாங்கும் பழக்கமும், போன முறை மீந்த மாத்திரையைப் பத்திரப்படுத்தும் பழக்கமும் நம் வீடுகளில் உண்டு. பெரும்பாலும் அவற்றைப் பத்திரப்படுத்துகிறவர்கள் பெரியவர்களாகிய நாம்தாம்.

ஆக, தொழுவத்துத் தூசி காப்பது நோய் வருவதற்கு முன்னால். வந்த பிறகு கதை வேறு. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு வைக்கோல் தூசியும் பூஞ்சையும் அதே எண்டோடாக்சினும் இரைப்பைக் கிளப்பிவிடக்கூடும். அன்றாட இன்ஹேலரை நிறுத்தினால் முதல் சில நாட்கள் ஒன்றும் நடக்காததுபோல் தோன்றும். மூச்சுக்குழாயின் அழற்சி மட்டும் உள்ளே ஏறிக்கொண்டிருக்கும். பிறகு ஒரு நள்ளிரவில், மருத்துவமனைக்கு வெகு தொலைவில், பிள்ளை திணறும். அம்மா, தங்கள் மருமகள் மறுத்தது சரி.

கடைகளில் விற்கும் நல்ல பாக்டீரியா மாத்திரைகளைப் பற்றியும் கேட்டிருக்கிறார். ஆஸ்துமாவைத் தீர்க்கும் மருந்தாக அவை நிறுவப்படவில்லை. தயிரும் கீரையும் பயறும் உணவாகவே தரலாம். நார்ச்சத்தைக் குடல் பாக்டீரியாக்கள் புளிக்கச் செய்து உண்டாக்கும் அமிலங்கள் மூச்சுக்குழாயின் அழற்சியைத் தணிப்பது எலிகளில் காணப்பட்டிருக்கிறது. மனிதருக்கும் அது நன்மையே செய்யும் என்று கருத இடமுண்டு. அவ்வளவுதான் இப்போது சொல்லலாம்.

ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தபின் பிள்ளை வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இல்லையேல் வாயில் வாழும் பூஞ்சை பெருகி வெண்படலம் படரும். இன்ஹேலர் பயன்படுத்தும் முதியவர்களுக்கும் இது பொருந்தும். இரைப்பு உள்ள பிள்ளையின் அருகே சாம்பிராணிப் புகை வேண்டாம். பூஜையறையில் விளக்கு மட்டும் எரியட்டும்.

கிராமத்துக்குத் தாராளமாக அழைத்துப் போங்கள். அன்றாட இன்ஹேலரும், திணறும்போது உடனே கொடுக்க வேண்டிய இன்ஹேலரும், மருத்துவர் எழுதித் தந்த தாளும் கைப்பையில் இருக்கட்டும். புறப்படுமுன், எந்த இன்ஹேலர் எதற்கு என்று மருமகளிடம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.