பின்னுக்கு நின்று மறிக்கிறவள்



சென்ற மாதம் எங்கள் கிராமத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த வீட்டுப் பிள்ளை பாடசாலை உதைபந்தாட்ட அணியில் பின்கள வீராங்கனை. மாகாணப் போட்டிக்குப் போகும் அணியில் அவளுடைய பெயரும் இருக்கிறது. தாய்க்கு மனமில்லை. "கோல் அடிக்கிற பிள்ளையெண்டாலும் பரவாயில்லை. இவள் பின்னுக்கு நிண்டு மறிக்கிறவள். இதில ஓடி என்னத்தைக் காணப் போறாள்?" என்று என்னிடம் கேட்டார். பிள்ளை ஒன்றும் பேசாமல் கிணற்றடியில் சப்பாத்தைக் கழுவிக் கொண்டிருந்தாள்.

அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் ஆஷாலதா தேவியின் கதை நினைவுக்கு வந்தது.

லோய்டொங்பம் ஆஷாலதா தேவி 1993ஆம் ஆண்டு இந்தியாவின் மணிப்பூரில் பிறந்தவர். மணிப்பூரும் நம்மைப் போலத் துப்பாக்கிச் சத்தமும் ஊரடங்கும் கண்ட மண். 2023 மே மாதத்திலும் அங்கே வன்முறை வெடித்து, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் முகாம்களுக்குப் போயின. அந்த மண்ணிலிருந்துதான் இந்தியப் பெண்கள் அணிக்கு மிகுதியான வீராங்கனைகள் வந்திருக்கிறார்கள்.

ஆஷாலதாவின் இடமும் பின்களம்தான். 2015இல் மாலைதீவின் நியூ ரேடியன்ட் கழகத்துக்காக ஆடினார். பின்னர் மதுரையின் சேது கழகத்தில் விளையாடினார். அந்தக் கழகம் 2019இல் இந்தியப் பெண்கள் லீக் கிண்ணத்தை வென்றது. அதே ஆண்டு மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில் நடந்த தெற்காசியப் போட்டியில் அவருடைய தலைமையில் இந்திய அணி வெற்றி பெற்றது.

அந்த ஆண்டின் ஆசியாவின் சிறந்த வீராங்கனை விருதுக்கு மூவர் இறுதியாகத் தெரிவு செய்யப்பட்டனர். ஒருவர் சீனாவின் லீ யிங். மற்ற இருவர் ஆஷாலதாவும் ஜப்பானின் சாகி குமகாயும். இந்த இருவருமே மறிக்கும் இடத்தில் நிற்பவர்கள் என்பதைக் கவனியுங்கள். விருது குமகாய்க்குக் கிடைத்தது. 2011 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் கடைசிப் பெனல்டியை அடித்து ஜப்பானுக்குக் கிண்ணத்தைப் பெற்றுக் கொடுத்தவர் அவர். ஜப்பானைச் சுனாமி தாக்கி நான்கு மாதங்களே ஆகியிருந்த நேரம் அது. முல்லைத்தீவுக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு அந்த வெற்றியின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை.

கோல் அடித்தால் எல்லோரும் எண்ணுவார்கள். தடுத்த கோலை யாரும் எண்ணுவதில்லை. பின்களத்தில் நிற்பவளுக்கு முழு மைதானமும் கண் முன்னே தெரியும். யார் தனியே ஓடி வருகிறாள், எந்தப் பக்கம் ஆளில்லாமல் கிடக்கிறது என்று பார்த்து முன்னுக்கு நிற்பவர்களுக்குக் குரல் கொடுப்பவள் அவள்தான். நாலுபேரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஒருத்தி ஓரடி பிந்தினாலும் எதிரணிக்கு வழி திறந்துவிடும். தவறு செய்தால் மட்டும் அவளுடைய பெயர் அடிபடும். வீட்டு வேலை செய்கிற நமக்கு இது புதிதல்லவே!

ஆஷாலதா பட்ட ஏமாற்றங்களும் சிறியவை அல்ல. 2022 ஜனவரியில் ஆசியக் கிண்ணப் போட்டி இந்தியாவிலேயே நடந்தது. அவர்தான் தலைவி. ஈரானுடனான முதல் ஆட்டம் கோலின்றி முடிந்தது. அடுத்த ஆட்டத்துக்கு முன் அணியில் பலருக்குக் கொரோனா தொற்றியதால் ஆடுவதற்குப் போதிய ஆளில்லை. போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது.

மனம் தளராமல் மே மாதத்தில் கோகுலம் கேரளா அணிக்குத் தலைமை தாங்கினார். லீக்கின் கடைசி ஆட்டம் அவருடைய பழைய சேது அணியுடன். சேது முந்திக்கொண்டது. பெனல்டி அடித்து ஆட்டத்தைச் சமப்படுத்தியவர் ஆஷாலதா. 3–1 என்ற கணக்கில் கோகுலம் கிண்ணத்தை வென்றது. ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் ஆசியக் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் நகருக்குப் போய் இறங்கிய வேளையில், இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனத்தை உலகச் சம்மேளனம் இடைநிறுத்தியது. நிர்வாகத்தின் பிழைக்காகப் பிள்ளைகள் ஆடாமலே திரும்பினார்கள்.

அதன் பிறகும் அவர் விட்டுவிடவில்லை. 2024 அக்டோபரில் காத்மண்டுவில் பாகிஸ்தானுக்கு எதிராகத் தமது 100ஆவது சர்வதேச ஆட்டத்தை ஆடினார். இந்தியப் பெண்களில் இந்த எண்ணிக்கையை முதலில் தொட்டவர் அவரே.

இந்தக் கதையை அந்தத் தாயிடம் போய்ச் சொன்னேன். "காசு வருமோ?" என்று கேட்டார். பொய் சொல்ல விரும்பவில்லை. பெண்கள் உதைபந்தாட்டத்தில் பெரிய பணம் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. விளையாட்டால் உத்தியோகம் பெற்றவர்கள் உண்டு. கடலூர்ப் பிள்ளை இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடிய காலத்திலேயே தமிழ்நாடு பொலிஸில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றியவர். ஆனால் அதுவும் எல்லோருக்கும் கிடைப்பதல்ல.

நான் சொன்னது இதுதான்: "நாளைக்கு இவள் எங்கே வேலைக்குப் போனாலும், யாரைக் கட்டினாலும், விழுந்தால் எழும்பத் தெரிந்திருக்க வேண்டும். பயமில்லாமல் குரல் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதை இந்த மைதானம் இப்போதே பழக்குகிறது."

தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பிள்ளைகள் அகில இலங்கை மட்டத்தில் வென்று காட்டியவர்கள். அவர்களுக்கும் அனுப்பி வைத்த தாய்மார் இருந்தார்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை கேட்டால், பெரியபிள்ளையாகி விட்டாள் என்று மறிக்காதீர்கள். பயிற்சிக்குப் போகுமுன் வயிறாறச் சாப்பாடு கொடுங்கள். போய்வர நல்ல துணை இருக்கிறதா, பொறுப்பாசிரியர் யார் என்று கேட்டறியுங்கள். முடிந்தால் ஒருநாள் மைதானக் கரையில் நின்று பாருங்கள்.

அந்தத் தாய் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. "தமையனிட்டயும் கேட்டுப் பாப்பம்" என்றார். ஆனால் நான் எழும்பி வரும்போது, மழை இருட்டுகிறது என்று முற்றத்தில் காய்ந்த சப்பாத்தை எடுத்து உள்ளே வைத்தவர் அவர்தான்.