சுவர் சிரித்தால் போதுமா?

தோழரே! வில்லியனூர்க் கடைத்தெருவிலோ பாகூர் ஏரிக்கரையிலோ நடந்து செல்கிறீர்கள். சுவரொட்டியிலே ஒரு நடிகர் சிரிக்கிறார். நின்று பார்க்கிறீர்கள். அந்தச் சிரிப்பைப் படைத்தவர் யார் – நடிகரா, நிழற்படக்காரரா?

அமெரிக்காவிலே, போர்த் தளவாடத் தொழிற்சாலையில் உழைத்த ஓர் இளம்பெண்ணை இராணுவ நிழற்படக்காரர் ஒருவர் படமெடுத்தார். 1952-ல் 'லைஃப்' இதழின் அட்டையிலே அதே முகம் – மர்லின் மன்றோ! தொழிலாளி மறைந்தார், மோகினி தோன்றினார்.

நம் நாட்டிலே நடந்ததென்ன? 1967 ஜனவரி 12-ல் எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்திலே கட்டுடன் மருத்துவமனையில் இருந்த அவரது படம் சுவரொட்டியாகித் தமிழகமெங்கும் பரவியது. பரங்கிமலையில் வாக்குக் கேட்க அவர் செல்லவில்லை; படம் சென்றது; வென்றார்! அங்கே ஒப்பனை உழைப்பை மறைத்தது. இங்கே ஒப்பனையற்ற முகம் காயத்தைக் காட்டியது. காயம் மெய்தான். ஆனால் அதை அச்சிட்டு ஒட்டியது அரசியல்!

தமிழகத்தில் 1977-ல் ஆட்சி கண்ட அவரது கட்சி, புதுவையிலே 1974 மார்ச்சிலேயே அரியணை ஏறியது. அம்மாதம் முடியுமுன்னே இறங்கியது! முகம் வாக்கைத் திரட்டும். சட்டமன்றத்திலே பெரும்பான்மையைக் காத்துத் தருமோ?

படத்தை வெறுக்கச் சொல்லவில்லை, தோழரே. கண்குளிரக் காணுங்கள்! ஆனால், வாக்குச்சாவடிக்குள் நுழையும்போது முகத்தை வாசலிலே விட்டுவிடுங்கள். ஏரிக்கு நீர் வருமா, நெல்லுக்கு விலை கிடைக்குமா, கூலி உயருமா என்ற கேள்விகளை மட்டும் உள்ளே எடுத்துச் செல்லுங்கள். சுவர் சிரித்தால் போதாது. உழவன் வீடு சிரிக்க வேண்டும்!