ஊடகப் பட்டம்: பிள்ளையை எங்கே சேர்ப்பது?

உயர்தரப் பெறுபேறு வெளியான கையோடு எமது கல்முனை பஸாரில் வியாபாரப் பேச்சு குறைந்து பல்கலைக்கழகப் பேச்சு கூடிவிடும். முன்பெல்லாம் டொக்டர், இஞ்சினியர், அதுவும் சரிவராவிட்டால் கணக்காளர் என்று மூன்று வாசல்கள்தான் பெற்றோரின் கண்ணுக்குத் தெரிந்தன. இப்போது நாலாவதாக ஒரு வாசலைப் பிள்ளைகளே காட்டுகிறார்கள். சென்ற கிழமை மருதமுனையில் தறி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் சாரன் கட்டுக்களை இறக்கிவிட்டு, காசை வாங்கிய பிறகும் எழும்பாமல் இருந்தார். "காக்கா, மகள் மீடியா படிக்கப் போறாவாம். எங்க சேர்த்தா நல்லம்?" என்றார். நான் வாய் திறப்பதற்கு முன்னர் அவரே விடையையும் சொல்லிவிட்டார்: "ஒலுவில்தான் கிட்ட இருக்கு. அதுல ஒண்டப் போட்டா காணும்தானே?"

கிட்ட இருக்கிறது என்பதற்காக நாம் எந்தக் கடையில் சரக்கு எடுக்கிறோம்? பக்கத்துத் தெருவிலேயே மொத்தக் கடை இருந்தாலும் இரவு பஸ் ஏறிப் புறக்கோட்டை மெயின் வீதிக்குப் போய், துணியை விரித்து, நூலை இழுத்துப் பார்த்துத்தானே வாங்குகிறோம். ஐயாயிரம் ரூபாய்ச் சரக்குக்குக் காட்டும் கவனத்தைப் பிள்ளையின் நாலு வருடத்துக்குக் காட்டாமல் விடுவது என்ன நியாயம் என்று கேட்டேன். அவருக்குச் சுருக்கென்றது. எனக்கும்தான். ஏனென்றால் அந்தத் தவறை நானே ஒரு முறை செய்தவன்.

2011ஆம் ஆண்டு எனது மூத்த மகனைக் கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஊடகக் கற்கைக்குச் சேர்த்தேன். பெயரை எழுதப் போவதில்லை. வழவழப்பான கைநூல், கண்ணாடிக் கட்டடம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் சின்னம். முதல் தவணைக் காசைக் கட்டிய பிறகுதான் முப்பது பிள்ளைகளுக்கு ஒரு கமரா என்பது தெரிய வந்தது. இரண்டாம் வருடத்தில் அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் மாறிவிட்டது, புதிதாக இன்னொன்று வந்திருக்கிறது, பழைய பாடங்களில் சிலவற்றைத் திரும்பப் படிக்க வேண்டும் என்றார்கள். நாலரை இலட்சம் ரூபாயோடு நிறுத்திக்கொண்டோம். இன்று எங்கள் கடையின் பேஸ்புக் பக்கத்தை மகன்தான் பார்க்கிறான். நன்றாகவே பார்க்கிறான். ஆனாலும் அதற்கு நாலரை இலட்சம் சற்று அதிகம்.

தனியார் நிறுவனமெல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. பட்டம் வழங்கும் அதிகாரம் அதற்கு உண்டா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடமும் உயர்கல்வி அமைச்சிடமும் விசாரித்த பின்னரே காசோலையில் கையெழுத்து வையுங்கள். 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்திலே அதற்கென்று 25ஏ என்ற பிரிவே இருக்கிறது. வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகம் ஆணைக்குழு ஏற்றுக்கொள்ளும் சர்வதேசக் கையேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற வேலை. நான் அதைச் செய்யவில்லை.

சரி, காசு போனால் வரும். மொழி விடயம் அப்படியல்ல.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் நடந்ததை எமது வர்த்தகர்கள் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எம்மவர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், கறியில் கிடந்த மாக்கட்டியைக் காட்டி அது கருத்தடை மாத்திரை என்று சண்டை மூண்டது. கடையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக வராது. சுற்றி நின்று அதட்டிக் கேட்டவர்களுக்கு அவர் தடுமாறிச் சொன்ன ஓரிரு சொற்களைக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்து, குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று பேஸ்புக்கில் பரப்பினார்கள். அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்து, அதில் மருந்து எதுவும் இல்லை, வெறும் மாக்கட்டிதான் என்று அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கை எத்தனை பேரிடம் போய்ச் சேர்ந்தது? பொய் சிங்களத்தில் போனது. மறுப்பை நாம் தமிழில் எழுதி, நாமே வாசித்து, நாமே பெருமூச்சு விட்டோம். அடுத்த மாதம் திகன எரிந்தது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு எமது கடைகளில் வாங்க வேண்டாம் என்ற பிரசாரம் ஊர் ஊராகப் போனபோதும் இதே கதைதான்.

பிள்ளை ஊடகம் படிக்கப் போகிறது என்றால் எனக்கு முதலில் தோன்றுகிற கேள்வி இதனால்தான் வேறாக இருக்கிறது. படித்து முடித்து வெளியே வரும்போது சிங்களத்தில் ஒரு செய்தி எழுதுமா, ஆங்கிலத்தில் ஒரு மறுப்பு எழுதுமா? அதற்கு உதவாத இடம் எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும் எமக்கு அரை விலைக்குத்தான் பெறும்.

இந்தக் கண்ணோடு ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒலுவில் எமது பல்கலைக்கழகம். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமானது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபின் பெயர் சொல்லி நிற்கும் சொத்து அது. அதைக் குறைத்துப் பேசினால் ஊரில் நடமாட முடியாது, எனக்கு அந்த எண்ணமும் இல்லை. கலை கலாசாரப் பீடத்தில் எமது பிள்ளைகள் எத்தனையோ பேர் படித்து ஆளாகியிருக்கிறார்கள். ஆனால் அங்கே பிள்ளையைச் சேர்ப்பதற்கு நாம் சொல்லும் காரணம் பெரும்பாலும் படிப்பு அல்ல, பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடும் என்பது. ஆசிரியராக, நிருவாக உத்தியோகத்தராக வர நினைக்கும் பிள்ளைக்கு அது போதும். ஊடகக்காரராக வர நினைக்கும் பிள்ளை, ஊரை விட்டு ஒரு நாளாவது வெளியே நின்று ஊரைத் திரும்பிப் பார்க்க வேண்டாமா?

வடக்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் துறை இருக்கிறது. தமிழில் நன்றாக எழுத வேண்டும், தமிழ்ப் பத்திரிகையோ வானொலியோதான் தன் வழி என்று திடமாக நிற்கும் பிள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் நாட்டில் குறைவு. அதே வேளை, தமிழ் மட்டும் போதும் என்ற காலம் தமிழ்ப் பத்திரிகைக்குமே போய்க்கொண்டிருக்கிறது. பொலிஸ் பேச்சாளர் சிங்களத்தில் பேசுவதைக் கேட்டு எழுதத் தெரியாத நிருபரை எந்த ஆசிரியர் வைத்திருப்பார்?

களனியை நான் முன்னால் வைப்பது அதற்காகத்தான். வித்தியாலங்காரப் பிரிவெனாவின் வழியாக 1959இல் பல்கலைக்கழகமான இடம். நாட்டில் வெகுசனத் தொடர்பாடலைப் பல்கலைக்கழகப் பாடமாகக் கற்பிக்கத் தொடங்கியதில் முன்னோடியும் அதுதான். இன்று சிங்களச் செய்தி அறைகளில் இருப்பவர்களில் பலர் அங்கே படித்தவர்கள். எமது பிள்ளை அங்கே போனால் பாடத்தைவிடப் பெரிய ஒன்று கிடைக்கும். நாளை ஒரு பொய்ச் செய்தி கிளம்பும் இரவில், "மச்சான், அது அப்படியல்ல, கொஞ்சம் பொறு, ஆதாரம் அனுப்புகிறேன்" என்று சொல்லக்கூடிய வகுப்புத் தோழர்கள் பத்துப் பேர் கிடைப்பார்கள். வியாபாரிக்குத் தெரியும், தொடர்பு என்பது எவ்வளவு பெரிய முதல் என்று.

ஹொரணையில் உள்ள ஸ்ரீபாலி வளாகமும் அப்படியான ஓர் இடம். கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1934இல் மகாகவி தாகூர் வந்து அடிக்கல் நாட்டிய ஸ்ரீபாலியின் வழி வந்தது. வெகுசன ஊடகத்துக்கென்று அங்கே தனித் துறையே இருக்கிறது. பெண் பிள்ளையை ஹொரணைக்கா அனுப்புவது என்று உம்மாமார் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். விடுதி உண்டா, எத்தனை வருடத்துக்கு உண்டு, தொழுகைக்கு வசதி என்ன, நோன்பு காலத்தில் சஹருக்கு என்ன வழி என்பதையெல்லாம் நேரில் போய் விசாரித்துவிட்டு முடிவெடுக்கலாம். விசாரிக்காமலே வேண்டாம் என்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

சிங்களச் சூழலுக்குப் போகத் துணிவில்லாத பிள்ளைக்கு நடுவழி ஒன்று திருகோணமலை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் இருக்கிறது. தொடர்பாடல், வணிகக் கற்கைகள் பீடம் என்று பீடத்தின் பெயரிலேயே இரண்டும் சேர்ந்திருக்கிறது. கற்பித்தல் ஆங்கிலத்தில். மூவின மாணவர்களும் ஒரே வகுப்பில். ஆங்கிலம் முதல் வருடம் கண்ணைக் கட்டும், இரண்டாம் வருடம் வழிக்கு வரும் என்று அங்கே படித்த எமது ஊர்ப் பிள்ளை ஒருவர் சொன்னார். கல்முனையில் பஸ் ஏறினால் அன்றைக்கே போய்ச் சேரலாம்.

வசதியுள்ளவர்கள் மலேசியாவைக் கேட்கிறார்கள். 1983இல் தொடங்கிய சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் தொடர்பாடல் படிக்கலாம், ஆங்கிலம் தேறும், சூழலும் பழக்கமானது. சென்னை என்றால் லொயோலா கல்லூரியின் விஸ்கொம் பெயர் பெற்றது. கமராவும் எடிட்டிங்கும் அங்கேதான் படிக்க வேண்டும் என்று பையன்கள் துடிப்பார்கள். இரண்டிலும் ஒரே குறை. திரும்பி வரும்போது இங்குள்ள செய்தி அறையில் ஒருவரையும் தெரியாது, சிங்களம் போன இடத்திலேயே நிற்கும். முதல் பட்டத்தை இங்கே முடித்துவிட்டு அதற்குப் பிறகு போவது நல்லது. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை, தகுதியுள்ள பிள்ளைக்கு மகாபொலவும் உண்டு. மிச்சம் பிடித்த காசை மேற்படிப்புக்கு வைக்கலாமே.

வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிட்ட பிள்ளைக்குக் கதவு மூடிவிட்டது என்று வாப்பாமார் முகத்தைத் தொங்கப்போட வேண்டியதில்லை. இலங்கைப் பத்திரிகை நிறுவனத்தின் கீழ் 2004இல் கொழும்பில் தொடங்கிய இலங்கை இதழியல் கல்லூரி மூன்று மொழிகளிலும் டிப்ளோமா கற்பிக்கிறது. பட்டம் அல்ல, தொழில். எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அது போதுமான ஏணி.

இதில் உழைப்பு உண்டா என்று நண்பர் கேட்டார். மறைப்பதற்கில்லை. பத்திரிகைச் சம்பளத்தில் கல்முனையில் காணி வாங்க முடியாது. 2022 மார்ச்சில் காகிதம் இல்லாமல் 'த ஐலன்ட்' போன்ற பத்திரிகையே அச்சை நிறுத்த வேண்டி வந்ததைப் பார்த்தோம். ஆனால் ஊடகப் பட்டதாரிக்குப் பத்திரிகை ஒன்றுதான் வழி என்றில்லை. வங்கி, காப்புறுதிக் கம்பனி, தொண்டு நிறுவனம், ஏற்றுமதிக் கம்பனி எல்லாவற்றிலும் மும்மொழியில் எழுதத் தெரிந்தவரைத் தேடுகிறார்கள். எங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மருதமுனைக் கைத்தறி இவ்வளவு காலமாக நெய்யப்படுகிறது. கண்டியிலோ காலியிலோ உள்ள ஒருவருக்கு அதைச் சிங்களத்தில் எடுத்துச் சொல்ல நாம் ஒரு ஆளை வைத்திருக்கிறோமா? விளம்பரப் பலகையில்கூட எழுத்துப் பிழை. நண்பர் சிரித்தார். அவருடைய பலகையிலும் ஒன்று இருக்கிறது.

1882இல் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியபோது அவர் ஊடகப் பட்டதாரி அல்லர், வழக்கறிஞர். பட்டமில்லாமலும் செய்யலாம் என்பதற்கு அவரைக் காட்டிப் பேசுவார்கள். அவர் எத்தனை மொழியில் வாசித்தார், எத்தனை பேரோடு பழகினார் என்பதையும் சேர்த்துப் பேசினால் நல்லது.

விண்ணப்பக் கையேட்டை வாப்பாமார் தாங்களே ஒரு முறை வாசியுங்கள். தமிழிலும் வருகிறது. ஒவ்வொரு கற்கைக்கும் என்ன தகைமை, எந்த மொழி மூலம் என்று அதில் போட்டிருக்கிறது. விருப்ப வரிசையை இன்டர்நெட் கபேக்காரர் தீர்மானிக்க விடாதீர்கள். எத்தனையோ பிள்ளைகளின் தலையெழுத்து எமது பஸாரில் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

நண்பருக்கு இவ்வளவு சொல்லியும் என் வீட்டில் இன்னும் முடியவில்லை. எனது இளைய மகளும் இம்முறை விண்ணப்பிக்கிறாள். களனியை முதலாவதாகவும் திருகோணமலையை இரண்டாவதாகவும் எழுதி வைத்திருக்கிறாள். அவளுடைய உம்மா ஒலுவிலை விட்டு அசையவில்லை. அடுத்த கிழமை சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போகும்போது இருவரையும் கூட்டிக்கொண்டு களனிக்கும் போய் வரலாம் என்று தீர்மானித்திருக்கிறேன். துறை அலுவலகத்தில் கேட்பதற்கு மூன்று கேள்விகளை மகள் சிங்களத்தில் எழுதி வைத்திருக்கிறாள். எம்மிடம் துணி எடுக்க அம்பாறையிலிருந்து வரும் சிங்கள வியாபாரி நேற்று அதைப் பார்த்து, இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார்.