தறிக்காரருக்கு உபதேசம் போதாது

கைத்தறி நெசவாளருக்கு வியாபாரம் தெரியவில்லை, கம்ப்யூட்டர் தெரியவில்லை, ஆகவேதான் அவர் வறுமையில் வாடுகிறார் என்று சிலர் உபதேசம் செய்யக் கிளம்பியிருக்கிறார்கள். சில நாள் வகுப்பு நடத்தி, கையில் ஒரு சான்றிதழைத் திணித்து, 'இனி நீ தொழில்முனைவோர்' என்று முதுகில் தட்டிவிட்டால் கஞ்சிக்கு வழி பிறந்துவிடுமாம்!

உண்மை நிலை என்ன? மத்திய சர்க்கார் 2019-20-ல் எடுத்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் கைத்தறித் தொழிலாளர் சுமார் 35 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள். நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு! நூல் வாங்க முதல் இல்லாமல், பாவும் ஊடும் கொடுக்கும் முதலாளியிடம் கூலிக்கு நெய்கிறவர் எப்படித் தொழில்முனைவோர் ஆவார்? சேலைக்கு விலை வைப்பது அவரல்லவே!

ஆனால் கற்கவே வேண்டியதில்லை என்று நாம் சொல்லவில்லை. பொன்மலைக்கு அருகே, இதே திருச்சியில் இருக்கிறது உறையூர். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல் வணிகக் குறிப்பு ஒன்று புகழும் மெல்லிய துணி, உறையூர்த் துணியே என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. துணியின் பெயர் ஏட்டில் நின்றது; நெய்தவர் பெயர் நிற்கவில்லை. இன்று கைப்பேசி வழியே சேலை டில்லிக்கும் விற்பனையாகிறது. படம் பிடித்து விலை குறிக்கவும், அடக்க விலையைக் கணக்கிடவும், வாங்குவோருக்குப் பதில் எழுதவும் தெரியாவிட்டால், பழைய தரகர் போன இடத்தில் புதிய தரகர் உட்காருவார்.

தனி ஆளாகப் போனால் சட்டமும் காலை வாரும். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, கடைத்தெருவில் விற்கும் சிறு வியாபாரிக்குப் பதிவிலிருந்து விலக்கு இருந்தது. இணையக் கம்பெனிகள் மூலம் விற்பவரோ ஒரு சேலை விற்றாலும் பதிவு செய்தாக வேண்டும் என்றார்கள். 2023 அக்டோபரில் தந்த சலுகையும் மாநிலத்துக்குள் விற்கும் சிறு வியாபாரிகளுக்கு மட்டுமே. நெசவாளர் குரலைக் கேட்க இருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை 2020-ல் கலைத்துவிட்டு, கைத்தறியை வளர்ப்பதாகப் பேசுவது யாரை ஏமாற்ற?

வழி கூட்டுறவுதான். 1935-ல் பிறந்த கோ-ஆப்டெக்ஸ் அந்த வழியைக் காட்டியது. ஒவ்வொரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலும், நெசவுக் குடும்பத்து இளைஞர் அல்லது பெண் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து, சம்பளத்தோடு அமர்த்த வேண்டும். வகுப்பு தமிழில், சங்கக் கட்டிடத்திலேயே நடக்க வேண்டும். தறி நிற்கும் நாளுக்குக் கூலி தர வேண்டும். இணைய விற்பனை சங்கத்தின் பெயரில் நடக்க வேண்டும். விலையை நெசவாளரும் உட்கார்ந்து நிர்ணயிக்க வேண்டும். விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று விற்கும் மோசடியைத் தடுக்க வேண்டும். இவற்றைச் சர்க்காரிடம் கோருகிறோம்.

தோழர்களே! 1946 செப்டம்பர் 5-ல் ஐந்து தொழிலாளர் உயிரைக் கொடுத்து, சங்கத்தின் பெருமையை நிலைநாட்டிய மண் பொன்மலை. கம்ப்யூட்டர் கற்ற உங்கள் பிள்ளைகள் மாலையில் ஒரு மணி நேரம் உறையூர்த் தறிக்காரருக்குச் சொல்லித் தரட்டும். தீபாவளிச் சேலையைக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குங்கள். வயலில் உழைப்போரே, உங்கள் கிராமத்தில் கூடை முடைவோரையும் பாய் நெய்வோரையும் சங்கத்தில் சேருங்கள். தனியாக நிற்பவர் எவ்வளவு கற்றாலும் கடன்காரரே. சேர்ந்து கற்பவரே தம் உழைப்புக்குத் தாமே விலை சொல்வார்!