அகதிகளும் பத்திரிகா தர்மமும்

யுத்தத்துக்கு அஞ்சி ஓடிவரும் ஜனங்களுக்குப் பத்திரிகைகள் இடும் பெயரே பாதித் தீர்ப்பாகிவிடுகிறது. ஐரோப்பாவின் சமீபகால அநுபவம் இதற்குச் சான்று பகரும்.

2015-ஆம் வருஷத்தில் ஸிரியா யுத்தத்தினின்று தப்பிய லக்ஷக்கணக்கானோர் கடல் கடந்து ஐரோப்பாவை அடைந்தனர். இணையப் பத்திரிகைகள் பல அவர்களை ‘வெள்ளம்’ என்றும் ‘அலை’ என்றும் வர்ணித்தன. அவ்வருஷம் ஜூலையில், அப்போது பிரிட்டிஷ் பிரதம மந்திரியாயிருந்த டேவிட் காமெரான், மத்தியதரைக் கடலைத் தாண்டி வருவோரைப் பூச்சிக் கூட்டத்துக்கு வழங்கும் சொல்லாலேயே குறிப்பிட்டார். வெள்ளத்துக்கு அணை போடுவதன்றி, அதனை வீட்டுக்குள் வரவேற்பார் உண்டோ?

ஸெப்டம்பர் 2-ஆம் தேதி துருக்கிக் கடற்கரையில் ஒதுங்கிய ஸிரியக் குழந்தையின் சடலப் படம் சில மணி நேரத்தில் உலகெங்கும் பரவிற்று; கல்நெஞ்சும் கரைந்தது. ஆனால் படத்தால் பிறந்த இரக்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. கிரேக்கத் தீவுகளுக்கு அநுமதியின்றி வருவோரைத் துருக்கிக்கே திருப்பியனுப்ப, 2016 மார்ச் 18-ல் ஐரோப்பிய யூனியன் உடன்பாடு செய்துகொண்டது.

2022 பிப்ரவரியில் ருஷ்யா உக்ரேன்மீது பெரும்படை செலுத்தியபோதோ பத்திரிகைகளின் பாஷையே மாறிற்று. வந்தவர்கள் வெள்ளமாகவன்றி, தாயாகவும் ஆசிரியராகவும் அண்டை வீட்டாராகவும் காட்சியளித்தனர். கீவ் நகரிலிருந்து பேசிய அமெரிக்க டெலிவிஷன் நிருபரொருவர், இஃது இராக்கோ ஆப்கானிஸ்தானமோ அன்று, ஓரளவு நாகரிகம் பெற்ற ஐரோப்பிய நகரம் என்ற கருத்தில் பேசிவிட்டு, கண்டனம் எழவே மன்னிப்புக் கோரினார். மார்ச் 4-ல் ஐரோப்பிய யூனியன், 2001-ல் இயற்றிய தற்காலிகப் பாதுகாப்புச் சட்டத்தை முதன்முறையாகப் பிரயோகித்தது. அச்சட்டம் 2015-லும் ஏட்டில் இருந்ததே!

உக்ரேனியருக்குக் கிடைத்த அன்பை நாம் குறைகூறவில்லை. அதுவே மனித தர்மம். இவ்வேற்றுமைக்குப் பத்திரிகைகள் மட்டுமே காரணமென்றும் சொல்லோம். அண்டை நாடென்ற உறவும் ராஜதந்திரமும் அதில் கலந்துள்ளன. ஆயினும், இருவர் வீட்டிலும் விழுந்தது ஒரே குண்டாயிருக்க, ஒருவரை விருந்தாளி என்றும் மற்றவரை ஆபத்து என்றும் ஜனங்களின் மனத்தில் பதிய வைத்த பொறுப்பைப் பத்திரிகைகள் தட்டிக்கழிக்க இயலாது.

அயல்நாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும் நமக்கும் இதில் எச்சரிக்கை உண்டு. அகதிகளைப் பற்றிய செய்தியொன்றைக் கைப்பேசியில் பிறருக்கு அனுப்புமுன், தேச ஊழியர் ஒவ்வொருவரும் இரண்டு கேள்விகள் கேட்பாராக: இதில் அகதியின் குரல் எங்கே? இச்சொல்லை நம் சொந்தத் தாயாருக்கு வழங்க நாம் சம்மதிப்போமா? இவற்றுக்கு விடை தராத செய்தி, எவ்வளவு விரைவில் வந்தாலும், செய்தியாகாது.