பேரேட்டின் கட்டங்களை வரைவது யார்?

பேரேட்டில் யாது எழுதப்படுகிறது என்பதிலும் பார்க்க, எக்கட்டங்கள் வரையப்பட்டுள்ளன என்பதே முதன்மையான வினாவாகும். அரசுகளும் பெருநிறுவனங்களும் தம் தரவுகளைக் கணினியில் ஒழுங்கமைக்க இரு வழிகள் கூறப்படுகின்றன. முழு வரைபடத்தையும் மேலிடத்தில் தீட்டிக் கீழே இறக்குவது ஒன்று. சிறிதாகத் தொடங்கி, களத்திற் கண்ட குறைகளைச் சுற்றுக்குச் சுற்றுத் திருத்துவது மற்றொன்று. இவற்றை வெறும் தொழில்நுட்பத் தெரிவுகள் என்போர் மலையகத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பாராக.

1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என இரு கட்டங்களாகப் பிரித்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் பின் அத்தகைய பிரிப்பே வாழ்வுரிமையின் எல்லையாயிற்று. 1964 ஆம் ஆண்டு ஒப்பந்தம் 975,000 மக்களுள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது; எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சரிபாதியாக்கப்பட்டனர். மனிதரைக் கேட்குமுன்னரே விடை எழுதப்பட்டுவிட்டது! விண்ணப்பங்கள் வந்தபோதோ இலங்கைக்கென ஒதுக்கிய தொகை போதவில்லை. இந்தியாவுக்கென ஒதுக்கியது நிரம்பவில்லை. நாடற்றோராய் எஞ்சியோருக்கு வழிசெய்ய 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. திருத்தத்துக்கு இடம்வையாத வரைபடத்தின் விலை இதுவே.

அவ்வாறாயின் யாவற்றையும் களத்திடமே விட்டுவிடலாமா? செக்ரோலை நோக்குக. கொழுந்தின் நிறைக்கேற்ப முழுப்பேர், அரைப்பேர் என அது பதியும். அங்கு 'பேர்' என்பது ஒருநாட் கூலி. தோட்டத்தின் தேவைக்கு அது செம்மையான ஏடுதான். ஆயினும் ஓய்வுபெற்ற முதியவரும், கொழும்புக்கு வேலைக்குச் சென்ற இளைஞரும், அட்டனில் கடை நடத்துபவரும் அதில் இல்லை. 1992 இல் தோட்ட நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. நூறு தோட்டங்களின் செக்ரோல்களை ஒன்றாகக் கட்டினாலும் ஒரு மக்களினத்தின் கணக்குக் கிடைக்காது.

ஆகவே மேலிடம் வரையவேண்டிய கோடுகள் சில உண்டு. அவை சிலவாகவே இருத்தல் வேண்டும். ஆள், குடும்பம், வீடு, தொழில் என்பன வெவ்வேறானவை. ஒன்று மாறினால் மற்றொன்று அழியலாகாது என்பதே அவற்றுள் முதன்மையானது. லயத்துக்கு வரும் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குச் செல்லும் நிலையை எண்ணுக: முகவரி வீட்டுக்குரியதாகாமல் தோட்டத்துக்குரியதாகிவிட்டது. இப்பிழையைக் கணினியில் ஏற்றினால் அது விரைவாகப் பரவும் பிழையாகுமேயன்றி வேறில்லை. இனப்பெயர், முகவரி, மூன்று மொழிகளிற் பெயரை எழுதும் முறை முதலியவற்றைக் களம் சொல்லச் சொல்லத் திருத்த வேண்டும்.

அடிக்கடி திருத்தினால் செலவும் தாமதமும் மிகும் என அதிகாரிகள் வாதிடுவர். 'மலையகத் தமிழர்' என்னும் பெயர் 2024 ஆம் ஆண்டுத் தொகைமதிப்பில் இடம்பெற 113 ஆண்டுகள் சென்றன. இதனினும் பெரிய தாமதம் யாது?

எண்ணிம அடையாள அட்டைக்கு நாடு ஆயத்தமாகும் இவ்வேளையில், வரைவோரின் மேசையில் லயத்து மனிதருக்கும் ஓர் இருக்கை வேண்டும். அட்டை அச்சாகிய பின்னர் அழைப்பது ஆலோசனையன்று, அறிவித்தலே.